கைடின் புராஜெக்ட் பணமா, பயிற்சிப் பணமா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சி கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்காக அந்த நாட்டு அரசு பல்கலைக்கழகங்களுக்குத் தரும் பயிற்சி மானியத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். தேசிய சுகாதார நிறுவனம், அதாவது என்.ஐ.எச்., தருகிற மானியம் அது. டி-32 (T32) என்பார்கள். அங்கே ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் அந்த மானியத்தைக் கவனிக்கிற அலுவலகத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தவள் நான் என்பதையும் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: என் மகள் அமெரிக்காவில் பிஎச்.டி. சேர்ந்திருக்கிறாள். கூடப் படிக்கும் அமெரிக்கப் பெண்ணுக்கு டி-32-ல் இடம் கொடுத்திருக்கிறார்கள், இவளுக்கு இல்லை. இவளுக்கு மார்க் குறைவா, இல்லை வெளிநாட்டுப் பிள்ளை என்று ஓரம்கட்டுகிறார்களா? – ஒரு தாய், கோயம்புத்தூர்

ப: மார்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை அம்மா. அந்த மானியத்தில் அமெரிக்கக் குடிமக்களையும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களையும் மட்டும்தான் சேர்க்க முடியும். சட்டமே அப்படி. எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் போன பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்தாலும் அவள் பெயரை அந்தப் பட்டியலில் எழுத யாருக்கும் அதிகாரம் இல்லை, துறைத் தலைவரே நினைத்தாலும் நடக்காது. மகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு விஷயம் தெரியாமல் மனதுக்குள் வைத்துப் புழுங்கின பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மாதா மாதம் கைக்கு வரும் தொகையில் அனேகமாக வித்தியாசம் இருக்காது. ஒரே துறையில் படிக்கிறவர்களுக்கு ஒரே தொகை கொடுப்பதுதான் வழக்கம். 2024-ல் என்.ஐ.எச். பிஎச்.டி. மாணவருக்கு நிர்ணயித்த உதவித்தொகை வருடத்துக்கு 28,224 டாலர். பெரிய நகரங்களில் அதை வைத்துக் குடித்தனம் நடத்த முடியாது என்பதால் மேற்கொண்டு ஆகும் தொகையைப் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் கையிலிருந்து போட்டுக் கொடுக்கின்றன. உங்கள் மகளுக்கு அந்த முழுத் தொகையும் வேறு வழியில் வரும். முதல் வருடம் பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியிலிருந்து வரலாம், அப்புறம் பாடம் நடத்துகிற வேலையிலிருந்தோ கைடின் புராஜெக்ட் பணத்திலிருந்தோ வரும்.

அந்தக் கடைசி வழியில்தான் கவனம் வேண்டும். கைடின் புராஜெக்டுக்குப் புதுப்பிப்பு கிடைக்காமல் போனால், மூன்றாம் வருடத்திலோ நான்காம் வருடத்திலோ அவளுக்கு யார் பணம் தருவார்கள்? இதை லேப் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலேயே திட்ட அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று நம் பிள்ளைகள் தயங்குவார்கள், அங்கே யாரும் தப்பாக நினைப்பதில்லை. இன்னொன்றையும் கேட்கச் சொல்லுங்கள். டி-32 பிள்ளைகளுக்காக நடக்கிற தனி வகுப்புகள், மானிய விண்ணப்பம் எழுதும் பயிற்சி, வருடாந்திரக் கூட்டம் இதிலெல்லாம் பணம் வாங்காத மாணவர்களையும் உட்கார வைக்கிற துறைகள் நிறைய உண்டு, வாய்விட்டுக் கேட்டால்தான் கூப்பிடுவார்கள்.

பிஎச்.டி. முடித்து போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிறகும் ஒரு லேபில் பயிற்சி பெறும் ஆராய்ச்சியாளர், ஆனபிறகு கே-99 (K99) என்று ஒரு மானியம் இருக்கிறது, அதற்குக் குடியுரிமை நிபந்தனை கிடையாது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அதை வாங்கித்தான் அங்கே சொந்த லேப் தொடங்கியிருக்கிறார்கள். போஸ்ட்டாக் சேர்ந்து நான்கு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மட்டும் அவள் மறக்கக் கூடாது.

கே: புராஜெக்ட் பணமும் அரசு பணம்தான், பயிற்சிப் பணமும் அரசு பணம்தான். மாணவனுக்குச் சோறு போடுவது எதுவாக இருந்தால் என்ன? – முதுநிலை மாணவர், திருநெல்வேலி

ப: தம்பி, வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

புராஜெக்ட் பணம் ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பதற்காகக் கொடுக்கப்படுவது. இன்ன புரதம் இன்ன நோயில் என்ன செய்கிறது என்று பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்து ஒரு பேராசிரியர் வாங்கினது. அந்தப் பணத்தில் சம்பளம் வாங்கும் மாணவன் அந்த வேலையைச் செய்தாக வேண்டும், அது நியாயமும்கூட. ஆனால் அவன் புள்ளியியல் கற்றுக்கொள்ள ஒரு பருவம் ஒதுக்குகிறேன் என்றாலோ, இந்த லேப் எனக்குச் சரிப்படவில்லை, வேறு லேபுக்குப் போகிறேன் என்றாலோ, பேராசிரியருக்கு வேலை நின்றுபோகிறது. நல்லவராக இருந்தால் விடுவார். அப்படி இல்லாதவரிடம் மாட்டிக்கொண்டால் மாணவனால் எதுவும் செய்ய முடியாது.

பயிற்சி மானியம் தனி ஒரு பேராசிரியருக்குத் தரப்படுவதில்லை, நிறுவனத்துக்குத் தரப்படுகிறது. திட்ட இயக்குநர் என்று ஒருவர் இருப்பார், அவரோடு இருபது முப்பது ஆசிரியர்கள், வருடத்துக்கு இத்தனை இடங்கள் என்ற கணக்கு. ஐந்து வருடத்துக்குத் தருவார்கள், பிறகு மறுபடி போட்டி போட்டுத்தான் வாங்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வருடம் மாணவனுக்கு இந்தப் பணம் கிடைத்தால், லேப் லேபாகப் போய்ப் பார்த்து, கைடைத் தேர்ந்தெடுக்கிற நிலைமையில் அவன் இருக்கிறான். ஒரு பேராசிரியருடன் ஒத்துவராவிட்டால் எழுந்து வரலாம், பணம் அவனோடு வரும். அந்த இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் இது எவ்வளவு பெரிய தைரியம் என்பது லேபில் அழுதுகொண்டு இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு விஷயம், நான் பக்கத்திலிருந்து பார்த்தது. மானியத்தைப் புதுப்பிக்க விண்ணப்பிக்கும்போது சில அட்டவணைகளைக் கொடுக்க வேண்டும். அதில் எட்டாவது அட்டவணைதான் எங்கள் அலுவலகத்தில் எல்லாரையும் தூங்கவிடாமல் செய்வது. இந்தத் திட்டத்தில் பயின்றவர்கள் ஒவ்வொருவரும் எப்போது சேர்ந்தார், எப்போது முடித்தார், என்ன தலைப்பில் ஆராய்ச்சி செய்தார், முதல் வேலை எது, இப்போது எங்கே இருக்கிறார் என்று பதினைந்து வருடத்துக் கணக்கு கேட்பார்கள். படிப்பைப் பாதியில் விட்டுப் போனவர்களையும் எழுதித்தான் ஆக வேண்டும், மறைக்க முடியாது. பத்து வருடத்துக்கு முன்னால் போனவர்களின் பழைய மின்னஞ்சல் செல்லாது, கைபேசி எண் மாறியிருக்கும், திருமணமாகிக் குடும்பப் பெயர் மாறியிருக்கும். பழைய கைடிடம் கேட்டு, கூடப் படித்தவர்களிடம் கேட்டு, ஒவ்வொருவராகத் தேடிப் பிடிப்போம். ஒருத்தி ஒரு சிறிய கல்லூரியில் உயிரியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பாள், ஒருவன் மருந்து நிறுவனத்தில் இருப்பான், ஒருவர் மாநில சுகாதாரத் துறையில் தொற்றுநோய்ப் பிரிவில். என்னை இன்னும் ஞாபகம் வைத்துக் கேட்கிறீர்களே என்று அந்தப் பக்கத்திலிருந்து சொல்லும்போது மனசுக்கு நிறைவாக இருக்கும்.

மதிப்பீட்டாளர்கள் அந்த அட்டவணையை விரல் வைத்துப் படிப்பார்கள். ஏன் இவருக்கு ஏழரை வருடம் ஆனது, ஏன் இந்த ஆசிரியரிடம் சேர்ந்த இருவருமே முடிக்கவில்லை என்று கேள்வி வரும். பதில் சரியாக இல்லையென்றால் மானியம் கிடைக்காது. புராஜெக்ட் பணத்தில் இந்தக் கேள்வி எதுவும் கிடையாது, கட்டுரை எத்தனை வந்தது என்பதுதான் கணக்கு. ஆராய்ச்சி வெற்றி, மாணவன் வாழ்க்கை நாசம் என்றாலும் அங்கே அது பெரிதாகத் தெரியாது. எனக்குத் தெரிந்து மாணவனுக்கு என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து கேட்கிற அரசுப் பணம் மிகக் குறைவு, இது அதில் ஒன்று.

கே: இதை அமெரிக்கா எப்போது தொடங்கியது? மேற்படிப்பு படிக்கிறவன் நாளைக்கு நன்றாகச் சம்பாதிக்கப் போகிறான், அவனுக்கு எதற்கு மக்கள் வரிப்பணம்? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ப: ஐயா, நீங்கள் கேட்பதையே ஒரு காலத்தில் அமெரிக்க அரசும் கேட்டது. 1973-ல் நிக்சன் நிர்வாகம் பட்ஜெட்டில் இந்தப் பயிற்சி மானியங்களைப் படிப்படியாக நிறுத்திவிடப் பார்த்தது. ஆள் ஏற்கெனவே போதும், படித்தால் லாபம் அவர்களுக்குத்தானே, அவர்களே கட்டட்டும் என்ற வாதம்.

அதற்கு முன் கதை ஒன்று இருக்கிறது. 1930-ல் ஒரு சட்டத்தின் மூலம் பழைய சுகாதார ஆய்வுக்கூடம் என்.ஐ.எச். ஆனபோதே ஆராய்ச்சி உதவித்தொகை தரலாம் என்று எழுதிவிட்டார்கள், 1937-ல் தேசியப் புற்றுநோய் நிறுவனம் வந்தபோதும் பயிற்சி அதன் வேலைகளில் ஒன்று. 1964-ல் மருத்துவப் பட்டமும் பிஎச்.டி.யும் சேர்த்துப் படிக்கிற திட்டம் மூன்று இடங்களில் தொடங்கியது. அப்படி வளர்ந்ததைத்தான் 1973-ல் மூடப் பார்த்தார்கள்.

நாடாளுமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. 1974 ஜூலை 12-ஆம் தேதி தேசிய ஆராய்ச்சிச் சட்டம் கையெழுத்தானது. இன்றைக்கு டி-32 நிற்பது அந்தச் சட்டத்தின் மேல்தான். அதே சட்டத்தின் இரண்டாம் பகுதி எதைப் பற்றியது என்று பாருங்கள். அலபாமா மாநிலம் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை, ஏழைக் கறுப்பின ஆண்கள் 399 பேருக்கு சிபிலிஸ் நோய் இருப்பது தெரிந்தும், பெனிசிலின் வந்த பிறகும்கூட மருந்து கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவர்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1972-ல் அது செய்தித்தாளில் வெளிவந்து நாடே கொதித்தது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சியில் அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று ஒரு தேசிய ஆணையத்தை அமைத்தது இந்த 1974 சட்டம்தான். ஆராய்ச்சியாளனைப் பயிற்றுவிப்பதும், ஆராய்ச்சிக்கு உட்படுகிறவனைக் காப்பதும் ஒரே சட்டத்தில் அடுத்தடுத்த பகுதிகள். யாரும் யோசித்து வைத்தார்களோ என்னவோ, எனக்கு அது சரியான இடமாகத்தான் தெரிகிறது. 1990-லிருந்து இந்த மானியம் வாங்குகிற நிறுவனங்கள் ஆராய்ச்சி நேர்மை பற்றிய பாடத்தைக் கட்டாயம் நடத்த வேண்டும் என்று ஆனது. பிற்பாடு அதைக் குறைந்தது எட்டு மணி நேரம், நேரில் உட்கார வைத்து நடத்த வேண்டும் என்று கறாராக்கினார்கள். தரவை எப்படிப் பதிவது, நோயாளியிடம் எப்படிச் சம்மதம் வாங்குவது, கைடு தப்பு செய்தால் யாரிடம் சொல்வது எல்லாம் அதில் வரும்.

சரி, வரிப்பணம் எதற்கு? டாக்டருக்குப் படித்தவர் நோயாளியைப் பார்த்தால் கை நிறையச் சம்பாதிக்கலாம். அதை விட்டுவிட்டு இந்தக் காய்ச்சல் ஏன் மூன்று மாவட்டங்களில் மட்டும் வருகிறது என்று ஆறு வருடம் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு வருமானத்தில் நஷ்டம்தான், லாபம் ஊருக்கு. ஊர் லாபத்துக்கு ஊர் பணம் போடுவதில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை ஐயா.

2002-லிருந்து இந்தப் பயிற்சி மானியங்களின் பெயரில் ரூத் கிர்ஷ்டைனின் பெயரும் சேர்ந்திருக்கிறது. போலியோ தடுப்பூசியின் பாதுகாப்புச் சோதனையில் உழைத்தவர், என்.ஐ.எச்.-ன் நிறுவனங்களில் ஒன்றுக்கு இயக்குநரான முதல் பெண்.

கே: பயிற்சிப் பணத்தைப் பின்னால் திருப்பிக் கட்ட வேண்டுமாமே? என் மருமகன் போஸ்ட்டாக் சேரும்போது ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்களாம், பயமாக இருக்கிறது. – சேலம் வாசகி

ப: பயப்பட ஒன்றுமில்லை. மருமகன் கிரீன் கார்டு வைத்திருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் பன்னிரண்டு மாதம் வாங்குகிற பணத்துக்கு, மாதத்துக்கு மாதம் என்ற கணக்கில் ஆராய்ச்சியோ பாடம் நடத்துவதோ செய்து கழிக்க வேண்டும், வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்குமேல். அவர் இரண்டாம் வருடமும் அதே பயிற்சியில் தொடர்ந்தாலே அந்த மாதங்கள் முதல் வருடக் கடனைக் கழித்துவிடும். முதல் வருடத்தோடு விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கே சம்பந்தமில்லாத வேலைக்குப் போனால் மட்டும்தான் வட்டியோடு கட்டும்படி வரும். பிஎச்.டி. மாணவர்களுக்கும் முன்பு இந்த நிபந்தனை இருந்தது, 1993-ல் எடுத்துவிட்டார்கள்.

கே: என் மகன் இங்கேயே பிறந்தவன், டி-32-ல் இருக்கிறான். வருமான வரி பிடிக்காமல் முழுத் தொகையும் தருகிறார்கள் என்று சந்தோஷமாக இருந்தோம். நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார். – நியூ ஜெர்சி வாசகர்

ப: நண்பர் சொல்வதைக் கேளுங்கள். அது சம்பளம் இல்லை, உதவித்தொகை. அதனால் பல இடங்களில் வரியைப் பிடிக்க மாட்டார்கள், ஆனால் வரி உண்டு. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நான்கு தவணையாக மகனே உத்தேச வரி கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஏப்ரலில் மொத்தமாக வந்து நிற்கும், அபராதமும் சேரலாம். மாதா மாதம் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சம்பளம் இல்லை என்பதால் ஓய்வூதியச் சேமிப்பான ஐ.ஆர்.ஏ.வில் போட முடியாமல் இருந்தது, 2019-ல் வந்த ஒரு சட்டத்தால் 2020-லிருந்து அதுவும் முடியும்.

கே: தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். நம் அரசு இப்படி நிறுவனங்களுக்குப் பயிற்சிப் பணம் தருவதே இல்லையா? – ஒரு மருத்துவர்

ப: தருகிறது டாக்டர், ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், 1911-ல் வேறு பெயரில் தொடங்கிய பழைய அமைப்பு. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு அது தருகிற குறுகிய கால ஆராய்ச்சி உதவித்தொகை 1979-லிருந்து இருக்கிறது, உங்களிடமே அதில் ஒரு மாணவர் வேலை செய்திருக்கலாம். 2007-ல் சுகாதார ஆராய்ச்சித் துறை என்று மத்திய அமைச்சகத்தில் தனித்துறை வந்தது. அந்தத் துறை 2013-ல் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பல்துறை ஆராய்ச்சிப் பிரிவுகளை அமைக்கத் தொடங்கியது, சென்னை மருத்துவக் கல்லூரியிலும் அப்படி ஒன்று உண்டு. மனிதவள மேம்பாட்டுத் திட்டம் ஒன்றும் அதே துறையில் இருக்கிறது, இளம் மருத்துவர்கள் பயிற்சிக்குப் போக, வேலையை விட்ட பெண்கள் ஆராய்ச்சிக்குத் திரும்பி வர, பயிற்சி நடத்துகிற நிறுவனங்களுக்கு உதவ என்று பிரிவுகள்.

நம் ஊரிலேயே நான் மனதாரப் பாராட்டுகிற ஒன்று, சென்னை அயப்பாக்கத்தில் இருக்கிற தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001-லிருந்து நடத்துகிற இரண்டு வருடப் பட்டப்படிப்பு. சுகாதாரத் துறையில் ஏற்கெனவே வேலை பார்க்கிற மருத்துவர்கள் வருவார்கள். வகுப்புக்குச் சென்னை, மீதி நாள் பெரும்பாலும் களத்தில். ஒரு கிராமத்தில் வயிற்றுப்போக்கு பரவினால் எந்தத் தெருவில் யாருக்கு எந்த நாளில் வந்தது என்று வீடு வீடாகக் கேட்டு, வரைபடத்தில் குறித்து, குடிதண்ணீர்க் குழாய் எங்கே சாக்கடையோடு கலக்கிறது என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் அவர்களே செய்ய வேண்டும். பயிற்சி என்றால் அது. முதுநிலை மருத்துவ மாணவர்கள் கட்டாயமாக முடிக்க வேண்டிய ஆராய்ச்சி அடிப்படைப் பாடத்தை இணையத்தில் நடத்துவதும் இதே நிறுவனம்தான்.

இனி என் ஆதங்கத்தைச் சொல்கிறேன். நம் ஊரில் நிறுவனத்துக்குப் பணம் என்றால் முதலில் கருவி வருகிறது, கட்டடம் வருகிறது. கருவியை வைத்து யார் வேலை செய்வது, அவர்களுக்கு யார் சொல்லித் தருவது, சொல்லித் தருகிற பேராசிரியருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் வெளிநோயாளிப் பிரிவிலிருந்து விடுதலை என்பதெல்லாம் அப்புறம்தான் யோசிக்கப்படுகிறது. காலை எட்டு மணிக்குத் தொடங்கி இருநூறு நோயாளி பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் தேர்வுத் தாள் திருத்திவிட்டு, ராத்திரி ஆராய்ச்சி செய் என்றால் எந்த மனிதனால் முடியும்? மாணவருக்கு வரும் பணம் தனித்தனி ஆளுக்கு உதவித்தொகையாக வருகிறது. 2023-ல் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையை மாதம் 31,000-லிருந்து 37,000 ரூபாயாக உயர்த்தினார்கள், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு மாணவி எந்த நிறுவனத்தில் சேர்கிறாளோ, அந்த நிறுவனம் அவளை எப்படி நடத்தியது, எத்தனை வருடத்தில் முடிக்க வைத்தது, அவள் பிறகு எங்கே போனாள் என்று யாரும் நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டு, பதிலைப் பார்த்து அடுத்த தவணையைத் தீர்மானிப்பதை நான் பார்த்ததில்லை. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகிக் கடன் வாங்கி வாடகை கட்டுகிற பிள்ளைகள் எழுதுகிற கடிதங்கள் இந்தப் பத்திரிகைக்கும் வருகின்றன. அதைப் படிக்கும்போது கோபம் வருகிறது.

உங்கள் கல்லூரியில் நீங்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் துறையில் கடந்த பத்து வருடம் ஆய்வேடு எழுதின முதுநிலை மாணவர்களைப் பட்டியல் போட்டு, இப்போது எங்கே இருக்கிறார்கள், அதற்குப் பிறகு ஒரு கட்டுரையாவது எழுதினார்களா என்று விசாரித்துப் பாருங்கள். செலவில்லாத வேலை. நாளைக்கு மத்திய அரசிடம் நிறுவன உதவிக்கு விண்ணப்பிக்கும்போது இத்தனை கருவி இருக்கிறது என்று எழுதுவதைவிட அந்தப் பட்டியல் உங்களுக்குக் கைகொடுக்கும்.

கே: என்.ஐ.எச். இந்தியாவில் இருக்கும் நிறுவனங்களுக்கும் பயிற்சிப் பணம் தந்தது உண்டா? – வேலூர் வாசகர்

ப: உங்கள் ஊரிலேயே உண்டே! 1968-ல் தொடங்கிய ஃபோகார்ட்டி மையம் என்ற பிரிவு, வளரும் நாடுகளில் ஆராய்ச்சியாளர்களை உருவாக்க டி-43 (D43) என்கிற மானியத்தைத் தருகிறது. வேலூர் சி.எம்.சி.யும் பாஸ்டன் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து வயிற்று நோய்த்தொற்று ஆராய்ச்சிக்கு இப்படி ஆட்களைப் பயிற்றுவித்தன. டி-32-க்கு நேர் எதிராக, இதில் நம் நாட்டு ஆட்கள்தான் பயன்பெறுவார்கள். 2025 மே மாதம், அமெரிக்க நிறுவனம் வாங்கிய மானியத்திலிருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு உள்மானியமாகப் பணம் போகிற பழைய ஏற்பாட்டை என்.ஐ.எச். நிறுத்தியதால் இந்த மாதிரிக் கூட்டு முயற்சிகளுக்கெல்லாம் நெருக்கடி.

கே: 2025-ல் அமெரிக்காவில் பயிற்சி மானியங்களையே வெட்டிவிட்டதாகப் படித்தேன். இனி அங்கே போவது புத்திசாலித்தனமா? – மதுரை மாணவி

ப: வெட்டினார்கள் என்பது உண்மை. பின்தங்கிய பின்னணியிலிருந்து வரும் பிள்ளைகளை ஆராய்ச்சிக்குக் கொண்டுவரப் பல வருடங்களாக நடந்த திட்டங்கள் நிறுத்தப்பட்டன. அது எனக்கு மிகவும் வலித்தது, ஏனென்றால் வீட்டில் முதல் பட்டதாரியாக வந்து லேபில் கால் வைத்த பிள்ளைகளை அந்தத் திட்டங்கள் எப்படித் தூக்கிவிட்டன என்று கண்ணால் கண்டிருக்கிறேன். அதே ஆண்டு மார்ச்சில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கான சுமார் 40 கோடி டாலர் மத்திய அரசுப் பணம் ரத்தானபோது பயிற்சி மானியங்களும் அதோடு போயின, ஜூலையில்தான் சமரசம் ஏற்பட்டது. ஒரு அரசியல் சண்டையில் முதலில் தவிப்பது இரண்டாம் வருட மாணவன்தான்.

உனக்கு என் யோசனை: போகாதே என்று சொல்ல மாட்டேன், ஒரே கூடையில் எல்லாவற்றையும் போடாதே. பிரிட்டனில் அரசு ஆராய்ச்சிக் கவுன்சில்கள் பல்கலைக்கழகங்களுக்கு முனைவர் பயிற்சிக்கென்று மொத்தமாகப் பணம் தருகின்றன, 2021-லிருந்து அதில் வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம், மொத்த இடங்களில் 30 சதவீதம் வரை. மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் இடங்களும் அதில் சேரும். அமெரிக்கக் கதவு திறக்காத இடத்தில் அங்கே திறந்திருக்கிறது. வெளிநாட்டு மாணவருக்கான கட்டண வித்தியாசத்தைப் பல்கலைக்கழகம் தள்ளுபடி செய்கிறதா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்.

கே: ஆராய்ச்சி படித்தவர்கள் வேலையில்லாமல் போஸ்ட்டாக், போஸ்ட்டாக் என்று நாற்பது வயது வரை அலைகிறார்கள். இன்னும் பயிற்சி கொடுப்பது பாவமில்லையா? – திருச்சி வாசகர்

ப: உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அம்பு வேறு பக்கம் போக வேண்டும். 2012-ல் என்.ஐ.எச். அமைத்த ஒரு குழு இதைத்தான் ஆராய்ந்தது. பிஎச்.டி. மாணவர்களில் பெரும்பாலோர் பயிற்சி மானியத்தில் இல்லை, புராஜெக்ட் பணத்தில்தான் இருக்கிறார்கள் என்று அது காட்டியது. அதாவது, நாட்டுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிப் பார்த்துச் சேர்த்ததால் கூட்டம் பெருகவில்லை, லேபில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டதால் பெருகியது. மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் மாணவர்களைப் புராஜெக்ட் பணத்திலிருந்து பயிற்சிப் பணத்துக்கு மாற்றுங்கள் என்று அந்தக் குழு சொன்னது. இன்னும் முழுசாக நடக்கவில்லை. நிறுவனங்களுக்கும் அதில் அவ்வளவு ஆசை இல்லை, ஏனென்றால் பயிற்சி மானியத்தில் நிர்வாகச் செலவுக்கு 8 சதவீதம்தான் கிடைக்கும், புராஜெக்டில் பல இடங்களில் 50 சதவீதத்துக்கு மேல்.

போஸ்ட்டாக் சம்பளத்தைப் பற்றி 2023 டிசம்பரில் இன்னொரு குழு, ஆரம்பத் தொகை 70,000 டாலராக வேண்டும் என்றது. 2024-ல் வந்தது 61,008. போதாது.

கே: ஒரு பல்கலைக்கழகத்துக்கு டி-32 இருக்கிறதா என்று வெளியாள் எப்படித் தெரிந்துகொள்வது? – பலர்

ப: என்.ஐ.எச். நடத்துகிற ரிப்போர்ட்டர் என்ற தேடுதளம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, பதிவு செய்யக்கூட வேண்டாம். பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு, மானிய வகையில் டி-32 என்று தேர்ந்தெடுத்தால் எந்தத் துறையில், யார் இயக்குநர், எந்த வருடம் வரை பணம் இருக்கிறது என்று வந்துவிடும். உங்களால் அந்தப் பணத்தை வாங்க முடியாவிட்டாலும் தேடிப் பாருங்கள், ஒரு துறை இருபது முப்பது வருடமாக அதைப் புதுப்பித்து வைத்திருக்கிறது என்றால் அங்கே மாணவர்களை ஒழுங்காகக் கவனிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் அந்த இயக்குநரின் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, உங்களிடம் பிஎச்.டி. முடிக்கச் சராசரியாக எத்தனை வருடம் ஆகிறது, முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் அவர்கள் கோப்பில் தயாராகவே இருக்கும்.